கணக்கில் வராத நோயாளி

ஆரோக்கியமான ஒரு பூனையின் கணைய நாளம் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. கணையம் சுரக்கும் செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டுபோவது அந்தக் குழாய்தான். அது அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கி, கணையம் வீங்கி, தன்னையே அரிக்கத் தொடங்கும். பூனைக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளமும் கணைய நாளமும் குடலுக்குள் நுழையும் இடத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. நாயின் கணையத்துக்குத் தனியாக இன்னொரு வாசல் இருக்கிறது, அதுதான் பெரிய வாசலும்கூட. பூனைகளிலோ சுமார் ஐந்தில் ஒன்றுக்கு மட்டுமே அந்த இரண்டாவது வாசல் அமைகிறது. மற்றப் பூனைகளுக்கு ஒரே வழி. அது அடைபட்டால் கல்லீரலும் கணையமும் சேர்ந்தே பழுதாகும்.

அந்தச் சிறு வழியைத் திறந்து அடைப்பை எடுக்கும் கைகளும் கருவிகளும் இன்று பெங்களூரில் இருக்கின்றன. ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, இந்த ஊரிலேயே தொழில் செய்து ஓய்வு பெற்றவள் நான். நான் படித்து முடித்தபோது பூனையின் வயிற்றைத் திறந்து இப்படி ஒரு வேலை செய்யலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் தொழில் அந்த இடத்துக்கு வந்து சேர இந்த ஊரில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த வரிசையில் முதலில் நின்றது குதிரை; பிறகு மாடு, பிறகு நாய். பூனையின் முறை கடைசியில்தான் வந்தது. ஏன் அப்படி ஆனது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை.

1809-ல் ஆங்கிலேயர் அல்சூரை ஒட்டிக் கன்டோன்மென்ட் அமைத்தபோது படையோடு குதிரைகள் வந்தன. குதிரைகளோடு சென்னை மாகாணத்துத் தமிழர்களும் வந்தார்கள். லாடம் அடிப்பவர், புல் அறுப்பவர், தோல் தைப்பவர், குதிரைக்காரர் என்று ஒரு பெரிய கூட்டமே அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியேறியது. 1824-ல் ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் ராணுவத்துக்காகக் குதிரைப் பண்ணை தொடங்கினார்கள். இன்று அது தமிழ்நாடு அரசின் கால்நடைப் பண்ணை. என் தாத்தா அந்தக் குதிரைக்காரர்களின் வழியில் வந்தவர், ராணுவ லாயத்தில் வேலை பார்த்தவர். குதிரைக்கு வயிற்று வலி என்றால் அது கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். கல்லூரியில் அதே பாடம் வந்தபோது அது எனக்குப் புதிதாக இல்லை.

தாத்தா அடிக்கடி சொன்ன இன்னொரு விஷயம் பதிவேடு. ராணுவக் குதிரையின் குளம்பில் எண் சுட்டிருப்பார்கள். அந்த எண்ணின் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். என்றைக்கு இருமியது, என்றைக்குக் கால் நொண்டியது, என்ன மருந்து போட்டார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். மனிதர்களுக்கே பிறப்புச் சான்று இல்லாத காலம் அது. முதல் உலகப்போரில் மைசூர் லான்சர்கள் ஜோத்பூர் படையோடு சேர்ந்து 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவைப் பிடித்ததைப் பள்ளியில் படித்தோம். அந்தக் குதிரைகளைப் போருக்குத் தகுதியாக வைத்திருந்த கைகளைப் பற்றிப் பள்ளியில் யாரும் பேசவில்லை. அவர்களில் படித்த மருத்துவர்களும் இருந்தார்கள், தாத்தாவைப் போலக் கைப்பழக்கத்தில் கற்றவர்களும் இருந்தார்கள்.

குதிரைக்கு அடுத்து மாடு. வெக்கை நோய் ஓர் ஊருக்குள் வந்தால் அந்த ஆண்டு உழவு நின்றுபோகும். மாடு வாயில் புண்ணோடும் பேதியோடும் ஒரு வாரத்தில் விழுந்துவிடும். மைசூர் சமஸ்தானம் அந்த நோயை எதிர்க்க 1925-ல் ஹெப்பாளில் சீரம் நிலையத்தைத் தொடங்கியது. எதிர்ப்புச் சக்தி ஏற்றிய மாடுகளின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம்தான் அன்றைய ஆயுதம். அதே இடத்தில் இன்றும் கால்நடைத் தடுப்பூசிகள் தயாராகின்றன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1923-ல், ஓசூர் ரோட்டில் ஆடுகோடியில் இம்பீரியல் கால்நடை, பால்வள நிலையம் உருவானது. 1927-ல் உடல் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, மதன் மோகன் மாளவியாவோடு அங்கே போய் வில்லியம் ஸ்மித் என்ற பால்பண்ணை நிபுணரிடம் மாடு வளர்ப்பைப் பாடமாகவே கேட்டார். ஒரு நாட்டின் தலைவர் மாணவராக உட்கார்ந்து கேட்கும் அளவுக்கு மாட்டின் நலம் அன்று பெரிய விஷயமாக இருந்தது. அது நியாயம்தான். வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாக 1995-ல் காணப்பட்டு, 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர் முழுவதுமாக ஒழித்த ஒரே கால்நடை நோய் அது. எங்கள் தொழிலின் மிகப் பெரிய வெற்றி என்று அதைத்தான் சொல்வேன்.

அந்த வெற்றிக்குப் பின்னால் எண்ணிக்கை இருந்தது. நாட்டின் முதல் கால்நடைக் கணக்கெடுப்பு 1919-ல் தொடங்கியது. எந்த ஊரில் எத்தனை மாடு என்று தெரிந்ததால்தான் எத்தனை புட்டி சீரம் வேண்டும், எத்தனை மருத்துவர் வேண்டும் என்று திட்டம் போட முடிந்தது.

இந்தக் காலத்தில் பூனை எங்கே இருந்தது? தரகுப்பேட்டை அரிசி மண்டிகளில் இருந்தது. ஒவ்வொரு மண்டியிலும் மூட்டைகளுக்கு நடுவே எலிக்காகப் பூனை வளர்த்தார்கள். 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் வந்தது. நெரிசலான பேட்டையை விட்டு மக்கள் மல்லேஸ்வரத்துக்கும் பசவனகுடிக்கும் குடிபெயர்ந்தார்கள். எலியோடு வரும் அந்த நோய்க்குப் பூனையே காப்பு என்று ஆண்ட்ரூ புக்கானன் என்ற ராணுவ மருத்துவர் 1908-ல் ஆங்கில மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார். கிராமங்களைப் பார்த்து, பூனை அதிகம் உள்ள இடத்தில் பிளேக் குறைவு என்றது அவர் வாதம். அந்த வாதத்தில் பூனை ஒரு மருந்து. அந்தப் பூனைக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்கு எங்கும் எழவில்லை.

பெங்களூரில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1958-ல்தான் வந்தது. அதற்கு முன் இந்தத் தொழிலைப் படிக்க விரும்பியவர்கள் வெளியூர் போக வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903 முதலே கல்லூரி இருந்தது. ஹெப்பாளில் நான் படித்த நாட்களில் பாடத்தின் பெரும்பகுதி மாட்டுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும்தான். கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான், கன்று திரும்பியிருந்தால் கையை விட்டுத் திருப்பி எடுப்பது எல்லாம் கற்றோம். நாய்க்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. பூனையைப் பற்றி உடற்கூற்றியல் வகுப்பில் நாயோடு ஒப்பிட்டுச் சில வரிகள் வரும், அவ்வளவுதான்.

மயக்கம் கொடுப்பதே அன்று பெரிய தடை. மூன்றரைக் கிலோ உடம்பில் மருந்து சிறிது கூடினாலும் மூச்சு நின்றுவிடும். 1962-ல் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய கெட்டமின் எங்கள் கைக்கு வந்த பிறகுதான் பூனைக்குத் துணிந்து கருத்தடை அறுவை செய்யத் தொடங்கினோம். அதுகூட வயிற்றைச் சிறிதாகத் திறந்து உடனே மூடும் வேலைதான். மேல்வயிற்றின் உள்ளே, குடலும் கணையமும் பித்தப்பையும் சேரும் இடத்துக்குப் போக எங்களிடம் வழியில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் இல்லை.

1980-களில் ஒருநாள் மண்டிக்காரர் ஒருவர் கோணிப்பையில் தன் கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். ஈறு, காது மடல், கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சள். "மஞ்சக்காமாலைன்னு தெரியுது டாக்டரம்மா. கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தோம், துப்பிடுச்சு. ஒரு வாரமா வாயில எதுவும் படல" என்றார். குளுக்கோஸ் ஏற்றினேன், வைட்டமின் போட்டேன், ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன். பூனை இறந்தது. அவர் அனுமதியோடு திறந்து பார்த்தேன். பித்தப்பை கருத்து உப்பியிருந்தது, கணையம் கல்லாக இறுகியிருந்தது, இரண்டு குழாயும் சேரும் இடத்தில் கெட்டியான அடைப்பு. உயிரோடு இருந்தபோது எடுத்திருக்க வேண்டிய அடைப்பு அது. அதை எடுக்கும் வித்தை எங்கேனும் இருக்கிறதா என்று அன்று இரவே புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன்.

தேடியபோது கிடைத்தவை பெரும்பாலும் மனிதரைப் பற்றிய புத்தகங்கள். கணைய நாளத்தை 1642-ல் இத்தாலியின் படுவா நகரில் விர்சுங் என்பவர் கண்டு வரைந்தார். 1664-ல் டச்சு மாணவர் டி கிராஃப் உயிருள்ள நாயின் கணையத்திலிருந்து நீரை எடுத்துக் காட்டினார். 1889-ல் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. 1921-ல் டொரொன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணைய நாளத்தைக் கட்டித்தான் இன்சுலினைத் தேடும் வேலையைத் தொடங்கினார்கள். நாம் இன்று போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்கு அடியில் அடைக்கப்பட்ட ஒரு கணைய நாளம் இருக்கிறது.

நம் தென்னாட்டுக்கு இந்த நாளத்தோடு தனி உறவே உண்டு. கணைய நாளம் முழுக்கக் கல் கட்டி, இளம் வயதிலேயே வயிற்று வலியும் நீரிழிவும் கொண்டுவரும் நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உலகில் வேறு எந்த இடத்தையும்விட அதிகமாகக் காணப்பட்டது. 1930-களின் இறுதியில் கினி என்ற அறுவை மருத்துவர் கணையக் கற்களைப் பற்றி இந்தியாவிலிருந்து முதல் அறிக்கையை எழுதினார். 1960-களில் கேரளத்தின் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான ஏழை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து இந்த நோயை உலகுக்குத் தெரியவைத்தார். முதலில் மரவள்ளிக் கிழங்கின் மீது சந்தேகம் விழுந்தது. பின்னாளில் ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. இந்த நோயாளிகளின் வலிக்கு அறுவைதான் பெரிய ஆறுதல். வீங்கிய நாளத்தை நீளவாக்கில் பிளந்து, கற்களை எடுத்து, அந்தப் பிளவின் மீது சிறுகுடலைத் தைத்துவிடுவார்கள். 1958-ல் பியூஸ்டோ தொடங்கி, 1960-ல் பார்ட்டிங்டனும் ரோஷெலும் எளிதாக்கிய முறை அது.

அடைபட்ட நாளத்தைத் திறந்தால் வலி ஏன் குறைகிறது? இதற்கு விடை தேடியபோது விஞ்ஞானிகள் பூனையிடம் வந்தார்கள். மனிதரில் பெரும்பாலோருக்கும் பூனையைப் போலவே இரண்டு நாளமும் சேர்ந்தே குடலுக்குள் திறக்கின்றன. கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் ரீபரின் குழு பூனைகளின் கணைய நாளத்தைச் சுருக்கி, சில வாரங்களில் நாள்பட்ட கணைய அழற்சியை உண்டாக்கியது. அந்தக் கணையத்துக்குள் அழுத்தம் ஏறியிருந்தது, இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. உணவு செரிக்கும் நேரத்தில் அதிகரிக்க வேண்டிய இரத்த ஓட்டம் இன்னும் குறைந்தது. நாளத்தைத் திறந்து அழுத்தத்தை விட்டதும் ஓட்டம் மீண்டது. 1990-களின் முற்பாதியில் வந்த இந்த ஆய்வுகள் மனித அறுவை மருத்துவத்தில் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகின்றன.

இதைப் படித்த நாள் எனக்கு மறக்காது. மண்டிக்காரரின் பூனைக்கு என்ன நடந்தது என்று அணு அணுவாக விளக்கும் அறிவு உலகில் இருந்தது. அதை உடலால் தந்ததும் பூனைகளே. ஆனால் நோயுற்ற பூனைக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை. ஆய்வே கூடாது என்று சொல்பவள் இல்லை நான். எங்கள் வீட்டிலும் இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பது சாதாரண நியாயம். சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் மாநிலங்களவையில் எடுத்துவைத்த வாதத்தின் அடிப்படையும் அந்த நியாயம்தான். அவர் முயற்சியின் பலனாக 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. விலங்குகள் மீதான சோதனைகளை மேற்பார்வையிடக் குழு அமைக்கலாம் என்ற பிரிவும் அதில் இடம்பெற்றது.

பெங்களூரில் மாற்றம் அன்பின் வழியாகத்தான் வந்தது. 1991-ல் கிறிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய மூதாட்டி, தன் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில், இங்கே கூபா என்ற விலங்கு நல அமைப்பைத் தொடங்கினார். தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் பணி ஊரெங்கும் பரவியது. அதனால் நாய்களுக்குக் கிடைத்த நன்மை பலருக்குத் தெரியும். எங்கள் தொழிலுக்குக் கிடைத்த நன்மையை அதிகம் பேர் பேசுவதில்லை. இளம் மருத்துவர்கள் நாள்தோறும் சிறு வயிறுகளைத் திறந்து மூடினார்கள். மெல்லிய திசுவைக் கிழிக்காமல் பிடிக்கவும், இரத்தம் சிந்தாமல் கட்டவும் கை பழகியது. மாட்டின் வயிற்றில் பழகிய எங்கள் தலைமுறைக்கு அந்தக் கை கிடையாது. பிறகு கணினித் தொழிலோடு அடுக்குமாடி வீடுகள் பெருகின. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளும் பெருகின. அவற்றுக்காக அல்ட்ராசவுண்ட், வாயு மயக்கக் கருவி, இரத்த அழுத்தமானி எல்லாம் தனியார் மருத்துவமனைகளுக்கு வந்தன. டெக்சஸில் உருவான, பூனையின் கணைய அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனையும் 2000-க்குப் பின் உலகெங்கும் பரவியது.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, ஜீவனஹள்ளியில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தன் பூனையை என்னிடம் கொண்டுவந்தார். அதே மஞ்சள், அதே பட்டினி. இந்த முறை ஸ்கேனில் அடைப்பு தெரிந்தது. கணைய நாளம் பல மடங்கு விரிந்திருந்தது. "செலவாகட்டும் டாக்டரம்மா, பொழைக்குமா?" என்றார். "பாதிக்குப் பாதின்னுதான் சொல்ல முடியும் டீச்சர். செய்யாட்டி அதுவும் இல்ல" என்றேன். எனக்குப் பின்னால் படித்த ஓர் அறுவை மருத்துவர் கத்தியை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் வைட்டமின் கே உடலில் ஏறாது, இரத்தம் உறையாது. அதனால் முன்கூட்டியே அந்த ஊசி. மயக்கத்தில் இரத்த அழுத்தம் விழுவதுதான் இந்தப் பூனைகளைக் கொல்லும் என்பதால் ஒருவர் அதை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தார். மார்பெலும்பின் அடியிலிருந்து வயிற்றைத் திறந்து, முன்சிறுகுடலைச் சிறிதாகக் கீறியதும் உட்சுவரில் நாளங்கள் திறக்கும் மேடு தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி உப்புநீரால் கழுவினார். கெட்டியான கசடும் மணல்போன்ற கல்லும் வந்தன. தேங்கியிருந்த கரும்பச்சைப் பித்தம் பாய்ந்தது; அதன் பின்னே தெளிந்த கணைய நீர் சொட்டியது. அந்த வழி மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயைக் கரையும் நூலால் குடலோடு தைத்தார். சில பூனைகளுக்கு இதுவும் போதாது. அப்போது பித்தப்பையையே குடலோடு இணைத்துப் புதுவழி அமைக்க வேண்டும். அதில் ஆபத்து அதிகம். கடைசியாகக் கழுத்து வழியே உணவுக்குழாய்க்குள் ஒரு குழாய். பட்டினி கிடந்த பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். ஊட்டாமல் அது பிழைக்காது. டீச்சர் வாரக்கணக்கில் ஊசிக்குழாயில் கூழ் ஊட்டினார். பூனை பிழைத்தது.

இந்த ஸ்டென்ட் முறையைப் பூனைகளில் செய்து மேஹ்யூவும் வைஸும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவை 7 பூனைகள்தான். உலக அளவிலேயே இது எவ்வளவு இளம் வித்தை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. நம் ஊரில் இந்த அடைப்புக்குத் தனிக் காரணங்களும் உண்டு. பல்லியைத் தின்னும் பூனைகளின் பித்தநாளத்தில் பிளாட்டினோசோமம் என்ற தட்டைப்புழு குடியேறும். நத்தையிலும், ஈரமண்ணில் ஊரும் சிறு ஓட்டுடலிகளிலும் வளர்ந்து பல்லி வழியே பூனைக்கு வருகிறது அது. வெப்பநாடுகளின் நோய் என்பதால் குளிர்நாட்டுப் புத்தகங்களில் இதற்கு ஓரமான இடம்தான். இதை நாம்தான் ஆராய வேண்டும்.

ஆனால் ஆராய எண்ணிக்கை வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில் கோழியினங்களைத் தவிர 15 வகை விலங்குகள் எண்ணப்பட்டன. யாக் உண்டு, யானை உண்டு, முயல் உண்டு, நாய் உண்டு. பூனை இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் நடக்கும் கணக்கெடுப்பு இது. எண்ணாத உயிருக்கு நிதி ஒதுக்க முடியாது, மருந்து செய்ய யாரும் முன்வர மாட்டார்கள், பாடத்திட்டத்தில் பக்கம் கூடாது. குதிரைக்கும் மாட்டுக்கும் மருத்துவம் கிடைத்தது அவை எண்ணப்பட்டதால். அடுத்த கணக்கெடுப்பில் பூனைக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்கிறேன். கல்லூரி மருத்துவமனைகளில் பூனைகளுக்குத் தனி அறையும், அடைப்பு நோய் கண்ட ஒவ்வொரு பூனையின் விவரமும் ஏறும் பொதுப் பதிவேடும் வேண்டும் என்று கேட்கிறேன். பிழைத்தவையும் இறந்தவையும் இரண்டுமே அதில் ஏற வேண்டும். அப்போதுதான் அடுத்து வரும் மருத்துவர் நான் தேடியதைப்போல இரவெல்லாம் மனிதரின் புத்தகங்களில் தேட வேண்டியிருக்காது.

அதுவரை பூனை வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூனை இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், காதின் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எல்லாக் காமாலைக்கும் கத்தி வேண்டியதில்லை, பல பூனைகள் மருந்திலேயே தேறிவிடும். கத்தி வேண்டிய பூனைக்கோ ஒவ்வொரு நாள் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.